கல்லூரி மாணவர் சொல்லிக்கொடுக்கும் வாசிப்பு: பிழையைத் திருத்துவதற்கு முன்

சமூகக் கற்றல் மையங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க முன்வரும் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், அவர்கள் கற்பிக்கும் வேளையில் அருகிலிருந்து கவனிப்பதும் என் பணி. அவர்களுடைய ஆர்வத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகளும் ஆசிரியரிடம் காட்டத் தயங்கும் நெருக்கத்தை இந்த அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் வெகு விரைவில் காட்டிவிடுகிறார்கள். ஆனால் சரளமாக வாசிக்கும் ஒருவருக்குத் தாம் எப்படி வாசிக்கக் கற்றோம் என்பது நினைவில் இருப்பதில்லை. எழுத்தைப் பார்த்தவுடன் சொல் தானாக வாய்க்கு வந்துவிடுவதால், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளை எந்த இடத்தில், எதனால் தடுமாறுகிறது என்பது அவர் கண்ணில் படுவதில்லை.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி படக்கதையிலிருந்து ஒரு வரியை வாசித்தாள். ‘பறவை கொடியில் வந்து அமர்ந்தது’ என்பது வரி. அவள் வாசித்தது: ‘குருவி கெடியில வந்து உக்காந்துச்சு.’ பயிற்றுநராக இருந்த மாணவர் மூன்று இடங்களையும் ஒரே குரலில் திருத்தி, முழு வரியையும் தாமே ஒருமுறை வாசித்து, அவளைத் திரும்பச் சொல்ல வைத்தார். அவளும் பிசகாமல் சொன்னாள். வாசித்துச் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னாள்.

அந்த மூன்றும் ஒரே வகைப் பிழை அல்ல. ‘கெடி’ என்றது எழுத்துப் பிழை: ஒற்றைக்கொம்பைக் கண்டவள், மெய்க்கு வலப்புறம் நிற்கும் துணைக்காலைக் கவனிக்கவில்லை. கெ, கே, கொ, கோ ஆகிய நான்கையும் அருகருகே எழுதிச் சில நிமிடங்கள் பழக்கினால் சரியாகக்கூடியது இது. ‘குருவி’ என்றது எழுத்தையே பாராமல் படத்தைப் பார்த்து ஊகித்தது. மூன்றிலும் கவலைக்குரியது இதுதான், ஏனெனில் படமில்லாத பக்கம் வரும் நாளில் இந்தப் பிள்ளை கையறு நிலையில் நிற்கும். ‘உக்காந்துச்சு’ என்பதோ வேறு கதை. அவள் பொருளைப் புரிந்துகொண்டு, தன் வீட்டுப் பேச்சில் அதைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கடிந்து திருத்தினால் தன் பேச்சே தவறு என்று அவள் எண்ணிக்கொள்வாள். ‘சரியாகப் புரிந்துகொண்டாய், புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது பார்’ என்று விரலை அந்தச் சொல்லின் அடியில் வைத்தாலே போதும்.

1986-இல் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றலை எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்குத்தொகையாக விளக்கினார்கள். பெருக்கல் என்பதால், ஒன்று சுழியானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. பத்தி முழுவதையும் தங்குதடையின்றி ஒப்பித்துவிட்டு, ‘யார் வந்தார்?’ என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைக்கு மேலும் எழுத்துப் பயிற்சி கொடுப்பது வீண். அதனுடன் பேசவும் அதற்குக் கதை சொல்லவும் வேண்டும். எந்தப் பக்கம் குறை என்று அறியாமல் தொடங்கும் உதவி பெரும்பாலும் தேவையற்ற பக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை என்பதற்காக நான்காம் வகுப்புப் பாடநூலையே விரிப்பதும் அவ்வாறே. வகுப்பைப் பாராமல், பிள்ளை இன்று நிற்கும் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

பயிற்சியில் நான் மிகுதியாக வலியுறுத்துவது காத்திருப்பதை. பிள்ளை ஒரு சொல்லில் நின்றதும் அதை எடுத்துக்கொடுக்கப் பயிற்றுநரின் நாக்கு துடிக்கும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள் என்பேன். அதற்குள் பல பிள்ளைகள் தாமே எழுத்துக்கூட்டிவிடுவார்கள். இல்லையென்றால் முதல் எழுத்தை மட்டும் காட்டலாம். எந்தச் சொல்லில் நின்றது, எப்படி வாசித்தது என்பதைப் பிள்ளை வாசித்தபடியே குறித்துக்கொள்ள வேண்டும். ‘நன்றாக வாசித்தான்’ என்று எழுதும் குறிப்பேட்டால் எவருக்கும் பயனில்லை.

அடுத்தது, விட்டுப்போவது. பருவத் தேர்வு வந்ததும் பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது எல்லா மையங்களும் அறிந்த தொல்லை. இளையோர் வழிகாட்டல் உறவுகளைப் பற்றி கிராஸ்மனும் ரோட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில் நன்மை மிகுந்திருந்ததும், சில மாதங்களிலேயே முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்திருந்ததும் தெரியவந்தன. அரைகுறையாக விட்டுப்போவது பயனற்றது என்பதோடு முடிவதில்லை, தீங்காகவும் ஆகலாம். ஆகவே பத்து வாரம்தான் முடியுமென்றால், அதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நேர்மை. கடைசி வாரத்தில் அடுத்த பயிற்றுநரையும் உடன் அமரவைத்துக் குறிப்பேட்டைக் கைமாற்ற வேண்டும்.

மாணவர்கள் நிலைத்து வருவதற்குச் சில நாடுகள் பணத்தையும் கருவியாக்கியுள்ளன. இஸ்ரேலில் 1974-இல் தொடங்கப்பட்ட ‘பெராக்’ திட்டத்தில், கல்லூரி மாணவர் ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒரு பிள்ளைக்குத் துணையிருந்து, ஈடாகக் கல்விக் கட்டணத்துக்கு உதவித்தொகை பெறுகிறார். அமெரிக்காவில் படிப்போடு வேலைபார்க்கும் கூட்டரசுத் திட்டத்தின்கீழ் சிறுவர்க்கு வாசிப்புப் பயிற்றும் மாணவர்களின் ஊதியம் முழுவதையும் 1997 முதல் கூட்டரசு நிதியிலிருந்தே வழங்க முடிந்தது. பணம் வாங்கினால் அது சேவையாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைக்கு வேண்டியது, வாரந்தோறும் அதே ஆள் அதே நேரத்தில் வந்து அமர்வது. வருகிறவர் எதற்காக வருகிறார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். நேரில் செல்ல இயலாத காலத்திலும் இது நடந்திருக்கிறது: இத்தாலியில் 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது பல்கலைக்கழக மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியே கட்டணமின்றிக் கற்பித்தார்கள். அங்கு ஒவ்வொரு பயிற்றுநருக்கும் பின்னால் வழிகாட்டும் கல்வி வல்லுநர்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது.

பாதுகாப்பு குறித்தும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை உண்டு. பிறர் கண்ணில் படும் இடத்தில் மட்டுமே பயிற்றுவிக்க வேண்டும். பிள்ளையின் படத்தைச் சமூக ஊடகத்தில் இடக்கூடாது. தனிப்பட்ட கைப்பேசித் தொடர்பும் கூடாது. புத்தகத்தை மூக்கருகே பிடிப்பதும், சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், பல வாரப் பயிற்சிக்குப் பின்னும் அதே எழுத்துகளில் தடுமாறுவதும் ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிக்க வேண்டிய செய்திகள். கற்றல் குறைபாடு என்று பெயர் சூட்டும் வேலை பயிற்றுநருடையது அன்று. வீட்டில் தனக்கு நேரும் துன்பத்தைப் பிள்ளை சொல்லத் தொடங்கினால், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காமல், குறுக்குக் கேள்வி கேட்காமல் முழுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உதவக்கூடிய ஒருவரிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன் என்பதைப் பிள்ளையிடமே தெரிவித்துவிட்டு, அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.