மகஜர்: பொருளும் வேரும்

போலீஸார் ஒரு வீட்டைச் சோதனை போட்டால் மகஜர் எழுத வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, யார் முன்னிலையில், எந்த அறையில் எது கிடைத்தது என்று அங்கேயே எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் ஆவணம் அது. சம்பவ இடத்தை விவரிப்பது பார்வை மகஜர். எடுத்த பொருளைப் பதிவது கைப்பற்றுதல் மகஜர்.

சொல் அரபியில் பிறந்தது; வேருக்கு 'நேரில் இருத்தல்' என்று பொருள். பாரசீகம் வழியாக இந்திய அரசு எழுத்துக்குள் வந்தது. கோர்ட்டில் 'ஆஜர்' ஆகிறோமே, அதற்கும் இதே வேர்தான். இலங்கைத் தமிழில் மகஜர் என்றால் அதிகாரியிடம் கையளிக்கும் கோரிக்கை மனு.

தமிழில் 'கைப்பற்றுகைப் பட்டியல்' எனலாம். ஆனால் அதில் பொருள்தான் இருக்கிறது, சாட்சி இல்லை. 'முன்னிலைப் பதிவு' என்பதே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் தொடர்பில்லாத, மதிப்புள்ள இருவராவது சோதனையின்போது உடனிருக்க வேண்டும் என்கிறது. வீட்டில் இருப்பவரும் உடன் நின்று பார்க்கலாம். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான் சோதிக்கலாம். சாட்சிகள் கையெழுத்திடுவது வரை முழுவதையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது 105ஆம் பிரிவு.

வாரண்ட் இல்லாமல் நுழைய 185ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கும் வரம்பு உண்டு: வாரண்ட்டுக்குக் காத்திருந்தால் தாமதமாகிவிடும் என்று கருதும் காரணத்தையும், தேடும் பொருள் எது என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

மகஜர் கெட்டுப்போவது பெரும்பாலும் கையெழுத்தில்தான். ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதி, பிறகு சாட்சியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால், குறுக்கு விசாரணையில் 'பீரோ எந்தப் பக்கம் இருந்தது?' என்ற ஒரு கேள்விக்கே அவர் தடுமாறுவார். நீங்கள் சாட்சியானால், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எழுதியதை வாசித்துப் பார்த்து, கடைசி வரியை ஒட்டிப் போடுங்கள்.

சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காகவே கிடைத்த பொருள் சாட்சியமாகாமல் போய்விடாது. பூரன்மால் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி. சோதனை உங்கள் வீட்டில் நடந்தால், அதை எழுப்ப உங்கள் கையில் இருக்க வேண்டியது மகஜரின் நகல். போலீஸார் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.