தடிமனைப் பார்த்து நாவல் எடுக்காதீர்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் கிளை நூலகத்தில் வியாழக்கிழமை மாலை கூட்டம் கூடும். வெள்ளி எங்களுக்கு வார விடுமுறை என்பதால் சனி, ஞாயிறுக்கு வேண்டியதைப் பலர் அன்றே எடுத்துப் போவார்கள். கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சார், நல்லா யோசிக்க வைக்கிற மாதிரி பெரிய நாவலா குடுங்க."

அந்தப் 'பெரிய' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

போன வாரம், தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா 900 பக்க நாவலைத் திருப்பிக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு அடையாளமாக வைத்த துணித்துண்டு 40ஆம் பக்கத்திலேயே இருந்தது. இப்படி மூன்றாவது முறை. "எனக்கெல்லாம் இலக்கியம் ஒத்துவராது சார். கார்டை ரத்து பண்ணிடுங்க" என்றார். பத்திரிகைத் தொடர்கதைகளை ஒரு வாரம்கூட விடாதவர். மூன்று தவறான புத்தகங்கள் சேர்ந்து, தனக்குப் படிக்கவே தகுதியில்லை என்று அவரை நம்பவைத்துவிட்டன. எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர்மேல் அல்ல.

தடித்த புத்தகம் என்றால் ஆழமான புத்தகம் என்று யார் சொன்னது? புரியாத நடை என்றால் உயர்ந்த சிந்தனை என்று யார் சொன்னது? அசோகமித்திரனின் 'தண்ணீர்' கையடக்கமான நாவல், 1973இல் நூலாக வந்தது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரத் தோன்றும். வெளியே மழை கொட்டும்போது படித்துப் பாருங்கள். யோசிக்க வைப்பது என்றால் அதுதான். பக்கக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்பது ஒன்று. எங்கள் தொழிலுக்கே அதுதான் அடிப்படை.

சரி, எதை எடுப்பது? உங்கள் மனதில் ஏற்கெனவே ஓடும் கேள்வியை என்னிடம் சொல்லுங்கள், போதும். ஊரில் தோப்பை அழித்து ஆலை கட்டுகிறார்களே என்று வருத்தமா? சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. மழை பெய்தால் கூலி இல்லாமல் போகிறவர்களை நினைத்தீர்களா? தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்'. பூமணியின் 'வெக்கை'யை நீட்டினால், "அசுரன் பார்த்தாச்சே சார்" என்கிறார்கள். படம் பார்த்தது படித்ததாகாது ஐயா. கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனும் அவன் அப்பாவும் காட்டில் எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள், என்ன பேசினார்கள் என்பதில்தான் அந்த நாவலின் உயிரே இருக்கிறது.

அலமாரி பக்கத்தில் நின்றபடியே பத்துப் பக்கம் படியுங்கள். பின்னட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று புத்தகம் வேண்டாம், ஒன்று போதும். மணிக்கு 25, 30 பக்கம் என்று வைத்தாலும் 200 பக்க நாவல் இரண்டு நாளில் நிதானமாக முடியும். 50 பக்கம் தாண்டியும் ஒட்டவில்லையா? கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தையல்கடை அம்மாவின் கார்டை நான் ரத்து செய்யவில்லை. 'தண்ணீர்' கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம், ஒரு பாலித்தீன் உறை கொண்டுவாருங்கள். வண்டியில் அப்படியே போட்டு நனைத்துவிடாதீர்கள். ஜன்னல் திண்டிலும் வைக்காதீர்கள். நனைந்தே போனால் வெயிலில் காயப்போடுவதோ இஸ்திரி போடுவதோ கூடவே கூடாது. பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக்கு அடியில் நிறுத்தி வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். திட்டுவேன் என்று பயந்து நனைந்த புத்தகத்தை வீட்டிலேயே ஒளித்துவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் கொண்டுவாருங்கள், சேர்ந்து காயவைப்போம்.