இனி யார் கைநாட்டு?

போன வியாழக்கிழமை காலை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வங்கி மேலாளரான என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த வைப்புத்தொகையையும் முதிர்வுக்கு முன்பே உடைத்து, வடமாநிலக் கணக்கு ஒன்றுக்கு அனுப்ப வேண்டும் என்றார். படிவத்தை அவரே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை; ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இதேபோல ஏழு லட்சம் அனுப்பியிருந்தார். மனை வாங்குகிறேன் என்று அன்று கவுன்ட்டரில் சொன்னதை நம்பி ஒப்புதல் கொடுத்தவள் நான்தான்.

இந்த முறை அவருடைய சட்டைப்பை கண்ணில் பட்டது. வெள்ளைத் துணிக்குள் போன் திரை எரிந்துகொண்டிருந்தது. நான் எதைக் கேட்டாலும் முதலில் குனிந்து பையைப் பார்த்தார், பிறகுதான் பதில் சொன்னார். அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. பேச்சை நிறுத்தினேன். பணம் எடுக்கும் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில், "யாராவது மிரட்டுகிறார்களா ஐயா?" என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என் பேனாவை வாங்கி அதன் கீழே "ஆம்" என்று எழுதினார். படிவத்தில் இருந்த எழுத்துக்கும் அந்த இரண்டு எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நான்கு நாட்களாக அவரை "டிஜிட்டல் கைது" செய்து வைத்திருந்தார்கள்; அதாவது, போலீஸ், நீதிபதி என்று நடித்து, அழைப்பைத் துண்டிக்க விடாமல் மிரட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் இருந்த மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று உத்தரவாம். அவர்கள் அனுப்பிய கடிதத்தைக் காட்டினார்: உச்ச நீதிமன்றத்தின் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. மூன்று முறை படித்தாராம். ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள்கூட அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. இப்போதெல்லாம் அலுவலகங்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டாராம்.

இந்த ஒரு வருடத்தில் என் கிளையில் மட்டும் இது நான்காவது. நான்கு பேருமே பட்டதாரிகள்.

"இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?" என்று அன்று மாலைக்குள் ஊரே கேட்டுவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏமாறுவது படிக்காதவர்களின் குணம், படிப்பு என்பது தடுப்பூசி என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. இந்த நினைப்புத்தான் ஆட்களைக் கவிழ்க்கிறது. நம் வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது அச்சில் இருப்பதை நம்பு, முத்திரைக்கு மரியாதை கொடு, அரசாங்கக் கடிதம் வந்தால் உடனே பதில் எழுது என்பதைத்தான். அந்த ஒழுங்கு யாரிடம் அதிகமோ அவரைப் பிடிப்பது மோசடிக்காரனுக்குச் சுலபம். தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். படிக்கத் தெரிந்ததால்தான் பயந்தார்.

இன்னொருவரைச் சொல்கிறேன். மாதாமாதம் முதியோர் உதவித்தொகை எடுக்க வரும் அப்பத்தா ஒருவர். கைநாட்டு. ஏ.டி.எம். கார்டு முடங்கப்போகிறது, எண்ணைச் சொல்லுங்கள் என்று அவருக்கும் அழைப்பு வந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது, பேங்குக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து கிளை திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தார். தனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேட்கிறார்.

எங்கள் தொழிலில் கைநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு வேலி உண்டு. பொதுவாகக் காசோலைப் புத்தகம் கொடுப்பதில்லை. பணம் எடுக்க நேரில் வர வேண்டும். பாஸ்புக்கில் இருக்கும் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். படிவத்தில் இருப்பதைப் படித்துக் காட்டி விளக்கினோம் என்று சாட்சிக் கையெழுத்து வாங்குவோம். படித்தவருக்கு இந்த வேலி கிடையாது. தனி அறையில் போனோடு தனியாக இருக்கிறார். படித்துக் காட்ட ஆள் இல்லை, வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதாவது ஒரு மொழியைப் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் முடிந்தால் எழுத்தறிவு பெற்றவர். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 80 சதவீதம். "புரிந்துகொண்டு" என்ற சொல்லை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். இனி வரும் காலத்தில் கனம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கும். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் வேலையைப் போனே செய்துவிடும். சத்தமாக வாசித்துக்கூடக் காட்டும். இதை அனுப்பியவர் யார், என்னிடம் எதற்கு அனுப்பினார், வேறு எங்கே கேட்டு உறுதி செய்வது என்ற மூன்றையும் யோசிக்கத் தெரியாதவர்தான் நாளைய கைநாட்டு. அவர் கையில் பட்டம் இருந்தாலும் சரி.

1990களின் தொடக்கத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் சிறுமி. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 1991இல் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்ட கேரளம், 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவையும் அறிவித்திருக்கிறது. வயதானவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு இயக்கம் வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். ஆனால் பொத்தானை அழுத்தக் கற்பது பாதிப் படிப்புத்தான். போனில் எந்த மூலையையும் தேடிப் பிடிக்கத் தெரிந்த கல்லூரி மாணவன் ஒருவன், கமிஷனாகக் கிடைக்கும் ஐயாயிரம் ரூபாய்க்காகத் தன் கணக்கை "வாடகைக்கு" விட்டான். யாரோ ஒருவரிடம் திருடிய பணம் அதன் வழியாகப் போனது. இன்று கணக்கு முடக்கம், வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ். அவன் அம்மா என் முன்னால் அழுகிறார்.

ஆகவே தயவுசெய்து இவற்றைக் கேளுங்கள். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. எந்த போலீசும், சி.பி.ஐ.யும், நீதிபதியும் வீடியோ அழைப்பில் கைது செய்வதில்லை; சரிபார்க்கப் பணம் அனுப்பு என்று கேட்பதில்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் அந்த நொடியே இன்னொருவரிடம் சொல்லுங்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை. எத்தனை முறைதான் சொல்வது? பணம் வரப்போகிறது என்று நம்பி யு.பி.ஐ. பின்னை அழுத்தினால் உங்கள் பணம் வெளியே போகிறது, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ஏ.பி.கே. (apk) என்று முடிந்தால் தொடாதீர்கள்; அது பத்திரிகை அல்ல, உங்கள் போனில் செயலியை நிறுவும் கோப்பு.

இணைய முகவரியில் https:// என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் எந்த வங்கியின் பெயரையும் எவனும் போட்டுக்கொள்ளலாம். உரிமையாளர் யார் என்பது அந்தப் பகுதியின் கடைசியில்தான் இருக்கிறது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் இதற்காகத்தான்.

குரலையும் நம்பாதீர்கள். மகன் குரலில் விபத்து, உடனே பணம் அனுப்பு என்று அழைப்பு வந்தால், துண்டித்துவிட்டு உங்களிடம் உள்ள மகனின் எண்ணுக்கு நீங்கள் அழையுங்கள். செயற்கை நுண்ணறிவு இன்று குரலை அப்படியே வார்த்துக் கொடுக்கிறது. குடும்பத்துக்குள் ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள், தாத்தா ஊரில் இருந்த மாட்டின் பெயர்போல.

பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். நாளைக்கு அல்ல, அந்த நிமிடமே. வெட்கப்பட்டுப் பத்து நாள் கழித்து வருகிறார்கள். அதற்குள் பணம் பத்துக் கணக்குகளாகப் பிரிந்திருக்கும். ரகசிய எண்ணை நீங்களே கொடுத்திருந்தாலும், வங்கியிடம் புகார் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. அதனால் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

தலைமையாசிரியரின் ஏழு லட்சத்தில் ஒரு லட்சத்துச் சொச்சத்தை மட்டுமே முடக்க முடிந்தது. மிச்ச வைப்புத்தொகை அப்படியே இருக்கிறது. அந்தச் சீட்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். உங்களில் யாருக்காவது இப்போது அப்படி ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தால், போனை அணைத்து வீட்டில் வைத்துவிட்டு உங்கள் கிளைக்குப் போங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் காதில் வாங்காவிட்டால் மேலாளர் அறைக்குள் நேராக வாருங்கள். என் கிளையாக இருந்தால், மாலை கதவு சாத்திய பிறகும் தட்டுங்கள், உள்ளேதான் இருப்பேன்.