பெட்டிக்கு வெளியே ஒரு யு.எஸ்.பி. துளை

மதுரை கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் உள்ளவை போன்ற சிறு பட்டறைகளில், ஒரே ஓர் இயந்திரத்துக்காகச் செய்த கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பார்க்கலாம். உள்ளே ஒரு கணினிப் போர்டு. வெட்ட வேண்டிய வடிவத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து செருகினால் வேலை தொடங்கிவிடும். செய்பவர்களில் சிலர் பெட்டியில் சதுரமாக வெட்டி, போர்டில் உள்ள யு.எஸ்.பி. துளையையே வெளியே எட்டிப் பார்க்க விடுகிறார்கள். அது எளிய வழி, ஆனால் போர்டின் ஆயுளைக் குறைக்கும் வழி.

போர்டில் அந்தத் துளையைப் பிடித்து நிற்பது சில ஈயப் பற்றுகள் மட்டுமே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பென் டிரைவ் ஒரு நெம்புகோல். அதன் நுனியில் முழங்கை இடித்தால், அந்த விசை பெருகி ஈயப் பற்றின் மேல் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. பிறகு ஒருநாள் படிக்கும், ஒருநாள் படிக்காது.

முகப்புத் தகட்டில் திருகிப் பொருத்தும் நீட்டிப்புக் கேபிள் இதற்காகவே இருக்கிறது. இருபுறமும் திருகு போட்ட துளை, இடியையும் இழுப்பையும் இரும்புத் தகட்டிடம் கொடுத்துவிடுகிறது. உள்ளே போர்டுவரை செல்லும் கம்பி வளைந்துகொடுக்கும். தேய்மானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பென் டிரைவ் செருகும் வழக்கமான ‘ஏ’ வகைத் துளை குறைந்தது 1500 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு நான்கு முறை என்றால் ஓராண்டுக்குச் சற்று மேல் அந்த எண்ணிக்கை வந்துவிடும். அப்போது மாற்ற வேண்டியது கேபிளை மட்டும்தான், போர்டை அல்ல.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. கம்பியின் தடிமனைச் சொல்லும் எண் கேஜ். 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. ஒரு மீட்டர் கேபிளில் போகவரச் சேர்த்து 0.42 ஓம். யு.எஸ்.பி. 2.0 தரும் 500 மில்லி ஆம்பியரை முழுவதும் இழுத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 24 கேஜ் கம்பியில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. உறைமேல் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டே கேபிளை வாங்குங்கள். எண் சிறிதானால் கம்பி தடிமன்.

தரவு செல்வது பச்சை, வெள்ளை என்ற இரு கம்பிகளில். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். வாங்கும் முனை அந்த வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டையும் முறுக்கியிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். இரண்டு தட்டிலும் ஒரே எடையைக் கூட்டினால் தராசு முள் அசையாதல்லவா, அப்படித்தான். ஆனாலும் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் அதே பெட்டியில் இருந்தால், அதன் கம்பிகளோடு சேர்த்து இந்தக் கேபிளைக் கட்டாதீர்கள். யு.எஸ்.பி. 2.0-இன் நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் ஒவ்வோர் இணைப்பிலும் சமிக்ஞையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. எனவே நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வேண்டாம். உள்ளே அரை மீட்டர் போதுமென்றால் அரை மீட்டரே போடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது பெயின்ட். துளையின் உலோகக் கூடு தகட்டைத் தொட்டால்தான், விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம் போர்டுக்குப் போகாமல் பெட்டியின் எர்த்துக்குப் போகும். பெட்டிக்கு அடிக்கும் பவுடர் கோட்டிங் பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. திருகு உட்காரும் இடத்தில், தகட்டின் உட்புறம் அதைச் சுரண்டிவிட வேண்டும்.

மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்துக்குப் போகிற பெட்டி என்றால், ஐ.பி.67 தரத்தில் மூடியோடு கிடைக்கும் துளையை வாங்குவது நல்லது. 6 என்பது தூசி புகாது என்பதற்கு, 7 என்பது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. மூடியைத் திறந்து வைத்தால் அந்தத் தரம் பொருந்தாது என்று பல தயாரிப்புகளின் விவரத்தாளிலேயே போட்டிருக்கும். தகட்டில் 22 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டிய ஓட்டைக்கு ஏற்றவையும் வருகின்றன. புஷ் பட்டன்களுக்குப் போடும் அதே அளவுதான், வட்டமாக வெட்டும் அதே ஹோல் சா போதும்.