மனந்திறத்தல்: ‘பாதிக்கப்படக்கூடிய தன்மை’ எதற்கு?

“சபையில் நம் பாதிக்கப்படக்கூடிய தன்மையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.” கிறிஸ்தவ மொழிபெயர்ப்புத் தியான நூல்களிலும் இளைஞர் முகாம்களிலும் இந்தத் தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. சொல்ல வந்தது எளிய சங்கதி: குடிப்பழக்கமோ, கடனோ, மனச்சோர்வோ, வீட்டுச் சண்டையோ, அதை மறைக்காமல் சக விசுவாசிகளிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இது வல்னரபிலிட்டி. லத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். காயப்படக்கூடிய நிலை என்பது அதிலிருந்து வந்த பொருள். வேர்க்கதை அவ்வளவுதான்.

‘பாதிக்கப்படக்கூடிய’ என்பது பேரிடர் மேலாண்மைத் தமிழ். புயலால் பாதிக்கப்படக்கூடிய கடலோரக் கிராமம் என்று எழுதினால் சரி. கிராமம் எதையும் செய்வதில்லை, புயல்தான் வந்து அடிக்கிறது. ஜெபக்குழுவில் “நான் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்கிறவர் அப்படியா? அவர் தானாக, துணிந்து பேசுகிறார். அந்தத் துணிவை, ‘பாதிக்கப்பட’ என்பதில் இருக்கும் இந்தப் ‘படு’ விழுங்கிவிடுகிறது. தவிர, தன்மையை எப்படிப் பகிர்வது? வருத்தத்தைப் பகிரலாம், பாரத்தைப் பகிரலாம். எதற்கெடுத்தாலும் ‘தன்மை’ ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர்களின் வியாதி.

‘வெளிப்படைத்தன்மை’ கொஞ்சம் தேவலை. ஆனால் அது டெண்டருக்கும் தேர்தல் நன்கொடைக்கும் கேட்கிற சொல். காணிக்கைக் கணக்குக்கும் பொருந்தும். அங்கே அதை யாரும் உச்சரிப்பதில்லை என்பது வேறு கதை.

பழைய சொல்லான ‘அறிக்கையிடுதல்’ போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்கிறது யாக்கோபு 5:16. அங்குள்ள கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் ஒத்துச் சொல்லுதல். ஏறக்குறைய நம் ‘ஒப்புக்கொள்’. நல்ல சொல்தான். ஆனால் அது குற்றத்துக்கு உரியது, மனச்சோர்வு குற்றமல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. சுகமளிக்கும் கூட்டங்களில் “அறிக்கை செய்யுங்கள்” என்றால், காய்ச்சலோடு நின்றுகொண்டு “நான் சுகமாயிருக்கிறேன்” என்று சொல்வது என்றாகிவிட்டது. உள்ளதை ஒத்துக்கொள்ளப் பிறந்த சொல் இல்லாததை முழங்கப் போய்விட்டது. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனமும், இன்றைய ஒப்புரவு அருட்சாதனமும் குருவிடம் செய்யும் சடங்கின் பெயர்கள். அவற்றை இங்கே இழுக்க வேண்டாம்.

என் தேர்வு மனந்திறத்தல். “மனம் திறந்து பேசினார்” என்பது படிக்காதவருக்கும் புரியும். திறக்கிறவர் யார் என்பதிலும் குழப்பமில்லை. பாவத்தை விட்டுத் திரும்புவதைக் குறிக்கும் ‘மனந்திரும்புதல்’ என்று காதில் விழுந்துவிடும் என ஒரு நண்பர் எச்சரித்தார். நியாயமான பயம். பிரசங்கத்தில் ‘மனம் திறந்து’ என்று பிரித்துச் சொன்னால் தீர்ந்தது. காயப்படும் ஆபத்து இதில் தொனிக்கவில்லையே என்பது கனமான மறுப்பு. அந்த அழுத்தம் வேண்டிய இடத்தில் ‘காயப்படத் துணிந்து’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் வேதாகமத் தமிழில் இதற்கு வழக்கு இருக்கிறது. “என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்” என்கிறாள் அன்னாள் (1 சாமுவேல் 1:15). குடித்திருக்கிறாள் என்று நினைத்த ஆசாரியன் ஏலியிடம் சொன்ன பதில் அது. மொழிபெயர்க்கிறவர்கள் அகராதிக்கு ஓடுமுன் கையிலிருக்கும் வேதாகமத்தையாவது புரட்டலாம். கடவுள் செய்த நன்மையைச் சபைமுன் சொல்லும் சாட்சி நேரத்தில் முடிந்துபோன கஷ்டங்களை மட்டும் சொல்லிப் பழகிய ஒருவரிடம் போய், பாதிக்கப்படக்கூடிய தன்மையைப் பகிரச் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? “ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன் பாஸ்டர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.