மூன்றுக்கு ஒன்று: வரிசை எண் நடத்திய பரிசோதனை

“போர்டில் தலைவி பெயர் இருக்கும். நாற்காலியில் இருப்பது அவர் வீட்டுக்காரர். ஊராட்சித் தலைவர் பதவியில் பெண்களுக்குக் கொடுத்த இந்த இடஒதுக்கீட்டால் ஊருக்கு என்ன மாறிவிட்டது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எரிச்சலோடு கேட்டிருந்தாலும் நல்ல கேள்வி. இதற்குள் இன்னொரு பழைய கேள்வியும் இருக்கிறது. நாற்காலியில் யார் உட்காரலாம் என்ற விதியை மாற்றினால், அந்த அலுவலகம் ஊருக்குச் செய்யும் வேலையும் மாறுமா?

மாறாது என்று சொல்லும் கோட்பாடு ஒன்று உண்டு. ஒரு நீளமான தெருவில் இரண்டு டீக்கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு முனையில் ஒன்று, மேற்கு முனையில் ஒன்று. கூடுதல் ஆட்களைப் பிடிக்க இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் நடுத்தெருவில் எதிரும் புதிருமாக வந்து நிற்பார்கள். 1929இல் ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் கடைகளுக்குச் சொன்ன கணக்கு இது. 1957இல் இன்னொரு பொருளியலாளர், ஆண்டனி டவுன்ஸ், இதைக் கட்சிகளுக்குப் பொருத்தினார். ஓட்டு வேண்டும் என்றால் நடுவில் இருக்கும் வாக்காளருக்குப் பிடித்ததைத்தான் எவரும் செய்வார், ஆகவே நாற்காலியில் ஆணா பெண்ணா என்பது பொருட்டே இல்லை என்பது இதன் முடிவு. 1990களில் வேறு சில பொருளியலாளர்கள் இதை மறுத்தார்கள். தேர்தல் வாக்குறுதி கடன் பத்திரம் இல்லையே, ஜெயித்த பிறகு ஐந்து வருடம் தன் மனசுக்குப் பட்டதைத்தானே ஒருவர் செய்வார் என்றார்கள். அப்படியென்றால் ஆள் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இரண்டில் எது சரி? போய்ப் பார்த்தால் தெரியும் என்று தோன்றும். ஆனால் பார்ப்பதிலேயே ஒரு குழி இருக்கிறது. பெண் தலைவர் உள்ள ஊரில் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, ஆண் தலைவர் உள்ள ஊரில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது தலைவியின் வேலை என்று எப்படிச் சொல்வது? பெண்ணுக்கு ஓட்டுப் போடும் மனசு உள்ள ஊர் ஏற்கெனவே நாலு எழுத்துப் படித்த ஊராக இருக்கலாம், அங்கே யார் வந்திருந்தாலும் தண்ணீர் வந்திருக்கலாம். மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைக்கும் கதைதான் இதுவும். கல்யாணம் நடந்தது, பத்தாம் நாள் மழை பெய்தது, கழுதைக்கு மாலை மரியாதை. பக்கத்து ஊரில் கழுதையும் இல்லை, கல்யாணமும் இல்லை, அதே நாளில் அங்கேயும் மழை பெய்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. (வானம் கறுத்த பிறகுதான் முகூர்த்தமே குறிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.)

ஆக நமக்கு வேண்டியது அந்தப் பக்கத்து ஊர். எல்லா விதத்திலும் இந்த ஊரைப் போலவே இருக்க வேண்டும், தலைவர் மட்டும் வேறாக இருக்க வேண்டும். மருந்து ஆய்வில் சீட்டுக் குலுக்கி ஒரு பாதிப் பேருக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுப்பார்கள். ஊர்களுக்குச் சீட்டுக் குலுக்கி இங்கே பெண், அங்கே ஆண் என்று யார் தலைவர் போட்டுத் தருவார்கள்?

இந்திய அரசு போட்டுத் தந்தது, அதுவும் பரிசோதனை என்ற நினைப்பே இல்லாமல். 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73வது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றது, சுழற்சி முறையையும் சொன்னது. இந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. எனக்குப் பிடித்தது மேற்கு வங்கம் அதைச் செயல்படுத்திய விதம். எந்த ஊரைப் பெண்களுக்கு ஒதுக்குவது என்று அதிகாரிகள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சண்டை வரும், சிபாரிசு வரும். அதைத் தவிர்க்க ஒரு எளிய வழி பிடித்தார்கள். ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் பழைய கோப்புகளில் ஒரு வரிசை எண் ஏற்கெனவே இருந்தது. பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டுக்கு ஏற்பப் பட்டியலைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டியலிலும் முதலாவதில் தொடங்கி மூன்றுக்கு ஒன்று பெண்களுக்கு. அடுத்த தேர்தலில் இரண்டாவதில் தொடங்கி மூன்றுக்கு ஒன்று. அவ்வளவுதான் விதி.

இதன் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என்றைக்கோ ஒரு குமாஸ்தா கோப்பில் போட்ட எண்ணுக்கும், அந்த ஊரின் படிப்பு, பணம், சாதிச் சண்டை, நிலத்தடி நீர் ஆகியவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 4ஆம் எண் ஊரும் 5ஆம் எண் ஊரும் நல்லதும் கெட்டதும் கலந்த ஊர்கள்தான். ஒன்றுக்குப் பெண் தலைவர் வந்ததும் மற்றதற்கு வராததும் மூன்றால் வகுத்தால் வரும் மீதியைப் பொறுத்தது. இரண்டு ஊர்களை மட்டும் ஒப்பிட்டால் தற்செயல் ஏமாற்றும். நூற்றுக்கணக்கான ஊர்களை எடுத்தால் மற்ற வேறுபாடுகள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாகப் பரவிவிடும், அதன் பிறகும் மிஞ்சும் வித்தியாசத்தை நாற்காலியின் கணக்கில் எழுதலாம். சுழற்சியால் இன்னொரு லாபமும் கிடைத்தது. இரண்டு தேர்தல் முடிந்ததும் பெண் தலைவரையே பார்க்காத ஊர், இந்தத் தடவைதான் பார்க்கும் ஊர், போன தடவை பார்த்த ஊர் என்று மூன்று வகை ஊர்கள் தாமாகவே அமைந்துவிட்டன. ஊழலைத் தவிர்க்கப் போட்ட ஒரு நிர்வாக விதி, எந்த ஆய்வகமும் காசு கொடுத்து வாங்க முடியாத பரிசோதனையாக மாறிப்போனது.

இதைக் கவனித்தவர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டுஃப்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் என்று இரு மாவட்டங்களில் 265 பஞ்சாயத்துகளில் கணக்கெடுத்தார்கள். ஊர்க்காரர்களை உட்காரவைத்து, குழாய் எங்கே, கிணறு எங்கே, எது புதுசு, எதைப் பழுது பார்த்தார்கள் என்று வரைபடம் போட்டு எண்ணினார்கள். பஞ்சாயத்தில் ஆண்கள் என்ன முறையிட்டார்கள், பெண்கள் என்ன முறையிட்டார்கள் என்பதையும் தனித்தனியே எடுத்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. டுஃப்லோவுக்கு 2019இல் பொருளியல் நோபல் கிடைத்தது தெரிந்த செய்திதான்.

முடிவு என்ன? குடிநீர் பற்றிப் பெண்கள்தான் அதிகம் முறையிட்டார்கள், இரண்டு மாநிலத்திலும். பெண் தலைவர் வந்த இடங்களில் குடிநீர் வசதிகள் கூடின. மேற்கு வங்கத்தில் சராசரியாக 9 வசதிகள் கூடுதல். சாலை விஷயம் இன்னும் சுவாரசியம். பீர்பூமில் சாலை போடும் கூலி வேலை பெண்களுக்கும் கிடைத்தது, அதனால் சாலை கேட்டவர்களில் பெண்களே அதிகம். உதய்ப்பூரில் வேலை தேடி வெளியூர் போய் வருகிற ஆண்கள்தான் சாலை கேட்டார்கள். பெண் தலைவர்கள் பீர்பூமில் சாலையைக் கூட்டினார்கள், உதய்ப்பூரில் குறைத்தார்கள். ஒரே பதவி, ஒரே சட்டம், இரண்டு ஊரில் எதிரெதிர் திசை. பெண்கள் என்றாலே தண்ணீர், ஆண்கள் என்றாலே ரோடு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தால் இது பிடிபட்டிருக்காது. அந்தந்த ஊர்ப் பெண்கள் எதைக் கேட்டார்களோ அதன் பக்கம் பணம் நகர்ந்திருக்கிறது.

வாசகரின் வீட்டுக்காரர் கேள்விக்கு இப்போது வரலாம். கணவர் கூடவே வந்து போவது உண்மை. ஒதுக்கீட்டில் வந்த தலைவிகள் படிப்பிலும் அனுபவத்திலும் ஆண் தலைவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆனால் முடிவெடுத்தது முழுக்கக் கணவர்தான் என்றால், ஆண்கள் கேட்ட பட்டியலின்படி அல்லவா பணம் போயிருக்க வேண்டும்? போகவில்லையே. தவிர, மேற்கு வங்கத்தில் கிராமக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெண்களின் பங்கு சுமார் 7 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு ஏறியது. சின்ன எண்தான். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பழகியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதே பீர்பூம் ஊர்களை வைத்துப் பின்னாளில் இன்னொரு வேலை செய்தார்கள். ஒரே உரை, சொல்லுக்குச் சொல் ஒன்றே. அதை ஓர் ஆண் குரலிலும் ஒரு பெண் குரலிலும் பதிவு செய்து, ஊர்க்காரர்களுக்கு ஏதாவது ஒன்றைப் போட்டுக் காட்டி, இந்தத் தலைவர் எப்படி என்று மார்க் போடச் சொன்னார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாகப் போட்டார்கள். பார்த்த ஊர்களில் அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பெண் தலைவரைப் பிடிக்குமா என்று கேட்டால் இந்த ஊர் ஆண்களும் முகத்தைச் சுளிக்கத்தான் செய்தார்கள். பிடிக்கவில்லை, ஆனால் வேலை தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை!

மும்பை மாநகராட்சியில் பெண்கள் வார்டுகளைக் குலுக்கலில் ஒதுக்கினார்கள். ஒதுக்கீடு நீங்கிய அடுத்த தேர்தலில், முன்பு ஒதுக்கப்பட்டிருந்த வார்டுகளில் பெண் ஜெயிக்கும் வாய்ப்பு மற்ற வார்டுகளைப் போல ஏறத்தாழ 5 மடங்கு என்று ரிகில் பாவ்னானி என்ற அரசியல் ஆய்வாளர் 2009இல் காட்டினார்.

சரி, நம் பக்கம்? இங்கே படம் அவ்வளவு பளிச்சென்று இல்லை. தென்மாநிலங்கள் நான்கிலும் நடந்த ஓர் ஆய்வில், பெண் தலைவர்களின் வேலைக்கும் ஆண் தலைவர்களின் வேலைக்கும் பொதுவாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேல்சாதி ஆதிக்கம் உள்ள ஊர்களில் பெண் தலைவர்கள் இன்னும் திணறினார்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளை மட்டும் எடுத்த இன்னொரு ஆய்வு சொன்னது இது: தலைவியும் தலைவரும் விரும்பியது ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் பள்ளிக் கட்டடமும் சாலையும் பெண் தலைவர்களிடம் குறைவு. காரணம் எளிது. தெருக்குழாயை ஊராட்சியே பார்த்துக்கொள்ளும். சாலைக்கும் பள்ளிக்கும் ஒன்றிய அலுவலகம், பி.டி.ஓ., அதற்கு மேலே கலெக்டர் ஆபீஸ் என்று நடையாய் நடக்க வேண்டும். அங்கே யாரைப் பார்ப்பது, எந்த மேசையில் எஸ்டிமேட் தூங்குகிறது என்ற தொடர்பு ஆண்களுக்கு அதிகம் இருந்தது. விதி நாற்காலியைக் கொடுத்தது, மாடிப்படி பழைய ஆட்களின் வசம்தான்.

இந்த மாதிரி ஆய்வுக்குத் துகள் முடுக்கி எதுவும் வேண்டாம். நாலு பேர், ஒரு ஜீப், ஒழுங்கான பதிவேடு போதும். அந்தப் பதிவேடுதான் இல்லை. நான் ஒருமுறை ஓர் ஊராட்சி அலுவலகத்தில் பத்து வருடத்துக் கிராம சபைத் தீர்மானங்களைக் கேட்டேன். கரையான் என்றார்கள். ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குவதில் எனக்கு வருத்தமில்லை. கரையான் மருந்துக்கும் ஒரு பீரோவுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். தேர்தலையும் நேரத்துக்கு நடத்தலாம். 2016இல் நடந்திருக்க வேண்டிய நம் ஊராட்சித் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும் மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தது தலைவரும் இல்லை, தலைவியும் இல்லை, அவர் வீட்டுக்காரரும் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்.