'ரெடினஸ்' என்றால் விருப்பம் அன்று

சென்ற மாதம் தருமபுரியில் நடந்த ஒரு பயிற்சியில் கிராம சுகாதார செவிலியர்களுக்குக் கொடுத்த வினாத்தாளின் தலைப்பு இது: 'தொலைமருத்துவத்தைத் தத்தெடுப்பதில் சுகாதாரப் பணியாளர்களின் விருப்பம்'. ஒரே வரியில் இரண்டு பிழைகள். தத்தெடுப்பது குழந்தையை. ஒரு முறையைக் கைக்கொள்ளலாம், மேற்கொள்ளலாம், ஏற்கலாம். அதை இத்துடன் விடுகிறேன். ஆனால் ஆங்கில மூலத்தில் 'ரெடினஸ்', அதாவது ஒன்றைச் செய்ய 'ரெடி'யாக இருக்கும் நிலை, என்று வரும் இடத்திலெல்லாம் தமிழில் 'விருப்பம்' என்று எழுதுவதைப் பல தாள்களில் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமலிருக்க முடியாது.

'ரெடி' பழைய ஆங்கிலச் சொல். ஒழுங்காக அமைந்தது, புறப்பட ஏற்பாடாகி நிற்பது என்பது அதன் வேர்ப்பொருள். சவாரியைக் குறிக்கும் 'ரைடு' என்ற சொல்லோடு இதை உறவாக்குவாரும் உண்டு. குதிரைக்குச் சேணம் பூட்டியாயிற்றா என்பதே கேள்வி, ஏறுபவனின் ஆசை அன்று.

கர்நாடக எல்லையை ஒட்டிய அஞ்செட்டிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒரு முற்பகலை நினைத்துப் பார்க்கிறேன். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. செவிலியர் மருத்துவரை வீடியோவில் அழைக்கிறார். உள்ளே சிக்னல் இல்லை. வாசற்படிக்கு வந்து கையை உயர்த்திப் பிடிக்கிறார். படம் உறைந்து நிற்கிறது, குரல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. மருத்துவர் கேட்பது தமிழில், அந்தப் பெண் சொல்வது கன்னடத்தில், நடுவில் மொழிபெயர்ப்பதும் செவிலியரே. அவரிடம் 'விருப்பமா?' என்று கேட்டால் 'மிகவும்' என்ற கட்டத்தில் டிக் போடுவார். 'ஆயத்தமா?' என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும்.

'விருப்பம்' சரியே என்பவர்கள், 2000-இல் வெளிவந்த 'டெக்னாலஜி ரெடினஸ்' அளவுகோல் மனநிலையைத்தானே அளக்கிறது என்கிறார்கள். அளக்கிறது, ஆனால் எதையெல்லாம்? நன்மை வரும் என்ற நம்பிக்கை, புதுமை நாட்டம், கையாள்வதில் தடுமாற்றம், பாதுகாப்பு பற்றிய அச்சம் என நான்கு. பின்னிரண்டும் இழுத்துப் பிடிப்பவை. ஆசையும் அச்சமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும். 'விருப்பம்' அதில் பாதியைக்கூடச் சொல்லாது. வளரும் நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கென 2007-இல் வந்த மின்நலச் சேவை (கணினி, இணையம் வழி மருத்துவச் சேவை) 'ரெடினஸ்' அளவுகோலோ அடிப்படைத் தேவை, தொழில்நுட்பம், கற்றல், சமூகம், கொள்கை என்று பிரித்துக் கேட்கிறது. இந்தியாவில் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வந்ததே 2020 மார்ச் 25 அன்றுதான். அதற்கு முன்னிருந்த தெளிவின்மையை எந்தச் செவிலியரின் விருப்பம் தீர்த்திருக்கும்?

சொல் பிழையானால் பழி இடம் மாறுகிறது. 'பணியாளர்களிடம் விருப்பம் குறைவு' என்று அறிக்கை எழுதிவிட்டால், செல்போன் கோபுரம் இல்லாத மலையின் குறை செவிலியரின் குணக்குறையாகிவிடும். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரியான சொல் எது? 'தயார்' அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. பேச்சில் நிலைத்துவிட்டது, குறையில்லை. ஆனால் 'தயார்நிலை' என்றதும் வெள்ள எச்சரிக்கையும் மீட்புப் படையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'அணியம்' அழகான தமிழ்ச்சொல். மீனவர்கள் படகின் முன்பகுதியையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அணி வகுத்தல், ஒழுங்காக நிற்றல் என்ற பொருள் 'ரெடி'யின் வேருக்கு மிக அருகில் இருக்கிறது. மனம் அதையே கேட்கிறது. ஆனால் பென்னாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் வினாத்தாளைக் கையில் வாங்குபவருக்கு அது முதல் பார்வையில் விளங்காது. விளங்காத கேள்விக்கு வரும் பதில் பயன்படாது. எனவே வடசொல்லே ஆனாலும், நெடுங்காலம் தமிழில் புழங்கிப் பழகிய 'ஆயத்தம்' என்பதையே எடுக்கிறேன்: ஆயத்தநிலை.

மொழிபெயர்ப்பவர்கள் வாசிப்பவரின் முகத்தை நினைப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்துக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பாட்டிக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெளிவு வினாத்தாளுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

அந்தத் தாளின் தலைப்பை 'தொலைமருத்துவத்தை மேற்கொள்ளச் சுகாதாரப் பணியாளர்களின் ஆயத்தநிலை' என்று திருத்திக் கொடுத்திருக்கிறேன். விருப்பத்தையும் அளக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் அதற்கு 'வில்லிங்னஸ்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. அதற்குத் தனிக் கேள்வி எழுதட்டும்.